உருட்ட உருட்ட வரும் பட்டியல்: ஒரே எடைச்சீட்டு இருமுறை தோன்றுவது ஏன்?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலைகளை வாங்கி ஆலைக்கு அனுப்பும் நிலையம் ஒன்றிற்கு வலைச்செயலி எழுதியிருக்கிறேன். எடைச்சீட்டுகள் புதியது மேலே வருமாறு பட்டியலாகத் தெரியும். 11,000 சீட்டுகளையும் மொத்தமாக அனுப்பியபோது கிராணியின் (அலுவலக எழுத்தரின்) கைப்பேசி திணறியதால், திரையை உருட்ட உருட்ட 50 வரிகளாகப் பக்க எண் கொடுத்து வரவழைக்கிறேன். ஆனால், காலையில் லாரிகள் வரிசையில் நிற்கும் நேரத்தில் மட்டும் ஒரே சீட்டு இருமுறை தோன்றுகிறது. அடியில் போகப் போக மந்தமும் கூடுகிறது. இருமுறை பணம் போய்விடுமோ என்று முதலாளி கேட்கிறார். பிழை எங்கே?

மறுமொழி 1

பிழை பக்க எண்ணில்தான் இருக்கிறது, ஐயா. இரண்டாம் பக்கம் என்பது "மேலிருந்து 50 வரிகளைத் தள்ளிவிட்டு அடுத்த 50" என்ற பொருளில் ஆஃப்செட்டாகத் தரவுத்தளத்துக்குப் போகிறது. அதற்குள் ஒரு லாரி எடை போடப்பட்டால், எல்லா வரிகளும் ஒருபடி கீழே இறங்கி, முன்பு 50ஆவதாக இருந்த சீட்டு 51ஆவதாக மீண்டும் வந்து சேரும். சீட்டு ஒன்றுதான், பணத்துக்கு ஆபத்தில்லை. மந்தத்துக்கும் காரணம் இதுவே: 10,000 வரிகளைத் தள்ளச் சொன்னால், தரவுத்தளம் அவற்றைக் கடந்து சென்ற பிறகே அடுத்த 50 வரிகளைத் தருகிறது.

பக்க எண்ணுக்குப் பதிலாக, திரையில் கடைசியாகத் தெரியும் சீட்டின் நேரத்தையும் சீட்டு எண்ணையும் அனுப்பி, "இதற்கு முந்தைய 50" என்று கேளுங்கள். ஒரே நிமிடத்தில் இரண்டு சீட்டுகள் பதிவாகக்கூடும் என்பதால் நேரம் மட்டும் போதாது. இவ்விரண்டையும் சேர்த்து ஓர் இன்டெக்ஸ் (தரவுத்தளம் விரைவாகத் தேட உதவும் வரிசைப்பட்டியல்) போட்டுவிட்டால், எவ்வளவு ஆழத்துக்குப் போனாலும் வேகம் ஏறக்குறைய ஒரேபோல இருக்கும். கிராணி நேரத்தைத் திருத்த முடியுமென்றால், திருத்த முடியாத பதிவு நேரத்தையே பயன்படுத்துங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. அடுத்த தொகுதியை எப்போது வரவழைப்பது என்றறிய, உருட்டும் ஒவ்வோர் அசைவையும் நிரல் கவனித்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு, பட்டியலின் அடியில் ஒரு வெற்று உறுப்பை வைத்து, அதை இன்டர்செக்‌ஷன் அப்சர்வரால் (ஓர் உறுப்பு திரைக்குள் வருவதையும் வெளியேறுவதையும் தெரிவிக்கும் உலாவி வசதி) கண்காணியுங்கள். ரூட் மார்ஜினில் (கண்காணிக்கும் எல்லையைத் திரைக்கு வெளியேயும் நீட்டும் அமைப்பு) கீழ்ப்பக்கம் 400 பிக்சல் கொடுத்தால், விரல் அடியைத் தொடுமுன்பே அடுத்த தொகுதி கேட்கப்பட்டுவிடும். ஒரு கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது மற்றொன்றை அனுப்பாதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன்: கிராணி உண்மையில் உருட்டிப் பார்க்கத்தான் விரும்புகிறாரா? லாரி எண்ணைத் தேடுபவருக்கு ஒரு தேடல் பெட்டியும் தேதித் தேர்வும் ஆயிரம் வரி உருட்டலைவிட மேல்.

கேட்டவர்

நன்றி. இரட்டைச் சீட்டு நின்றுவிட்டது. அலுவலகத்தின் பெரிய திரையில் மட்டும் முதல் தொகுதிக்குப் பிறகு பட்டியல் அசையவில்லை. 50 வரிகள் வந்த பிறகும் அந்த வெற்று உறுப்பு திரைக்குள்ளேயே இருந்ததால், நிலை மாறாமல் அப்சர்வர் மறுபடி அழைக்கவில்லை என்பது பிறகே புரிந்தது. ஒவ்வொரு தொகுதியும் வந்து சேர்ந்தவுடன் கண்காணிப்பை நீக்கி மீண்டும் தொடங்கியபோது சரியாகிவிட்டது. தேடல் பெட்டியை இந்த வாரம் சேர்க்கிறேன். கிராணி அதைத்தான் முதலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாராம்.