கோட்டாபய ராஜபக்ச இலங்கை ஜனாதிபதியாக இருந்த காலம் (2019–2022): உங்களுக்கு இன்னும் உறுத்துவது எது?

வன்னி விவசாயி:
பசளைத் தடை எல்லாருக்கும் தெரிந்த கதை, திரும்பச் சொல்லவில்லை. எனக்கு அந்தச் சாக்குதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 2021 பெரும்போகத்துக்குத் தந்த சேதனப் பசளைச் சாக்கை அப்பா வரம்பில் வைத்து அறுத்துக் கொட்டினார். பொலித்தீன் துண்டு, சோடா மூடி, உடைந்த ஓடு, நடுவில் ஒரு பற்பசைக் குழாய். அதை எடுத்து மண்ணைத் துடைத்து, "இந்தா, நெல்லுக்குப் பல்லு விளக்கிவிடு" என்று என்னிடம் நீட்டினார். அந்தப் போகம் பாதி விளைச்சல்கூட இல்லை. 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் பசளை இலவசம், சேதன விவசாயத்துக்கு மாறப் பத்து வருடம் என்றுதான் இருந்தது. 2021 மே மாதம் கோட்டாபய ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார். நவம்பரில் தடையை எடுத்தபோது நாங்கள் விதைத்து முடித்துவிட்டோம். 2022 ஏப்ரலில் அது பிழை என்று அவரே ஒத்துக்கொண்டார். சரி, யாருக்கு என்ன லாபம்?

மஸ்கெலியாப் பிள்ளை:
ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்றால் மலையகத்தில் விளக்கம் தேவையில்லை. 2020 மார்ச் 1 முதல் என்று அறிவித்தார். வந்தது 2021 மார்ச்சில், அதுவும் சம்பளச் சபை வழியாக. வந்த கையோடு எங்கள் தோட்டத்தில் ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் நிறையைக் கூட்டிவிட்டார்கள். அந்த மாதச் சம்பளத் துண்டை அம்மா என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பார்த்தால் வரிசையாக அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி. "ஆயிரம் எங்க இருக்குன்னு வெரல வச்சுக் காட்டு" என்றார். நான் துண்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.

கொட்டாஞ்சேனையான்:
எல்லாவற்றையும் ஒரு ஆளின் தலையில் போடுவது நியாயமில்லை. ஈஸ்டர் குண்டு, அப்புறம் கொரோனா, சுற்றுலா படுத்துவிட்டது. யார் இருந்தாலும் டொலர் இருந்திருக்காது. நானும் கேஸ் கியூவில் சிலிண்டரைச் சங்கிலியால் காலில் கட்டிக்கொண்டு ரோட்டில் படுத்தவன்தான்.
வன்னித் தம்பிக்கு ஒரு யோசனை. சாக்குப் பசளையை நம்பாதீர்கள், வீட்டிலேயே கூட்டெரு போடுங்கள். கிளிசரிடியா இலை ஒரு அடுக்கு, சாணம் ஒரு அடுக்கு, வைக்கோல் ஒரு அடுக்கு. வேலியோரம் கிளிசரிடியா கம்பு நட்டால் இலைக்குப் பஞ்சமே வராது. குவியலை மூடி வையுங்கள், மழை படக்கூடாது. இடைக்கிடை கிளறிவிட வேண்டும், கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக்கூடாது. மீன் கழிவு கிடைத்தால் சர்க்கரை சேர்த்து ஊறவைத்துத் தெளிக்கலாம். யூடியூப்பில் எல்லாம் இருக்கிறது. மனம் இருந்தால் செய்யலாம்.

அக்கரைப்பற்று நானா:
கொட்டாஞ்சேனை அண்ணன், வற் வரியை (பெறுமதி சேர் வரி) 15 வீதத்திலிருந்து 8 ஆக இறக்கியது 2019 டிசம்பரில். அப்போது கொரோனா எங்கே இருந்தது? வருமானத்தைத் தானே வெட்டிவிட்டு 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்றால் பழி கிருமிக்கா?
கொரோனாவில் இறந்த எங்கள் ஆட்களின் ஜனாஸாவை, அடக்க விடாமல் கட்டாயமாக எரித்ததும் டொலர் இல்லாமலா? ருவன்வெலிசாயவில் பதவியேற்றபோது, வாக்குப் போடாதவர்களுக்கும் நான்தான் ஜனாதிபதி என்றார். 2020 கடைசியில் எங்கள் சாச்சா கொரோனாவில் மௌத்தானார். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருந்த நேரம். ஆஸ்பத்திரியில் பெட்டிக்குக் காசு கட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கட்டினால் எரிக்கச் சம்மதித்த மாதிரி ஆகிவிடும் என்று மகன் பேனையைத் தொடவே இல்லை. அப்படியும் எரித்தார்கள். மச்சான் மையித்துக்குச் சுற்றும் கபன் சீலைப் பையைக் கையில் வைத்தபடியே வீட்டுக்கு வந்தார், அதை எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. 2021 பெப்ரவரியில் இம்ரான் கான் வந்துபோன கையோடு அடக்க அனுமதி கிடைத்தது. அதுவும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய்த்தான் அடக்க வேண்டும் என்று.

குருநகர்:
கோட்டாபய சிங்கப்பூரிலிருந்து ராஜினாமாக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பிய செய்தி வந்தபோது நாங்கள் மண்ணெண்ணெய்க் கியூவில். படகு கரையில் கிடந்தது. ஒருத்தரும் கைதட்டவில்லை. "எண்ணெய் பவுசர் எப்ப வருமாம்?" என்றுதான் எனக்கு முன்னால் நின்றவர் கேட்டார்.

வன்னி விவசாயி:
கொட்டாஞ்சேனை அண்ணை, கூட்டெரு எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து போடுகிறோம், வீட்டுத் தோட்டத்துக்கு. வயலுக்குப் போடுவதென்றால் ஏக்கருக்கு டிராக்டர் பெட்டி கணக்கில் வேண்டும். அதை ஏற்றி இறக்க டீசலை எந்த யூடியூப்பில் ஊற்றுகிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.