சமூகப் புரட்சி ஏன் வெடிக்கிறது: இந்தக் கேள்விக்கு ஆய்வு நிதி வாங்க முடியுமா?

பனங்காடு (கேள்வி):
அரசு உதவி பெறும் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். 'சமூகப் புரட்சிகள் ஏன் நிகழ்கின்றன: பிரான்ஸ் 1789, ரஷ்யா 1917, ஈரான் 1979' என்ற தலைப்பில் ஒரு ப்ரொபோசல் அனுப்பினேன். 'கேள்வி மிக அகலம், ஆய்வுமுறை தெளிவில்லை' என்று ஒற்றை வரியில் திரும்பிவிட்டது. ரஷ்ய மொழி தெரியாது. எங்கே கை வைப்பது? பட்ஜெட்டில் எதைப் போட்டால் வெட்டுவார்கள்?

கரிசல்மண்:
ரிவ்யூவர் சொன்னது நியாயம்தான். கோளாறு அகலத்தில் மட்டும் இல்லை. நீங்கள் எடுத்த மூன்றும் ஜெயித்த புரட்சிகள். மூன்றிலும் வறுமை இருந்தது, வரிச்சுமை இருந்தது, கோபம் இருந்தது என்று எழுதியிருப்பீர்கள். அதெல்லாம் புரட்சி நடக்காத நாடுகளிலும் இருந்ததே! நோயாளிகளை மட்டும் பார்த்துவிட்டு நோய்க்குக் காரணம் சொல்வது மாதிரி ஆகிவிடும். தோற்ற ஒன்றைப் பக்கத்தில் வைத்தால்தான் காரணம் பிடிபடும்.

மூன்று நாடுகளை விடுங்கள். ரஷ்யா ஒன்றே போதும்: 1905, 1917. அதே ஜார் மன்னர், அதே நிலப்பசி, அதே தலைநகரம். இரண்டு முறையும் வெளிநாட்டுப் போர், வேலைநிறுத்தம், கிராமக் கலவரம். முதல் முறை அரசு தப்பித்தது, இரண்டாம் முறை விழுந்தது. எது மாறியது என்பதுதான் கேள்வி.

படைகளைப் பாருங்கள். ஜப்பானோடு நடந்த போர் 1905 செப்டம்பரில் போர்ட்ஸ்மத் உடன்படிக்கையோடு முடிந்தது. ஜார் விட்ட அக்டோபர் அறிக்கையில் டூமா (நாடாளுமன்றம்) தருவதாகச் சொல்லி, மிதவாதிகளில் ஒரு பகுதியைப் பிரித்துவிட்டார்கள். டிசம்பரில் மாஸ்கோ கிளர்ந்தபோது செமியோனோவ்ஸ்கி காவல் ரெஜிமெண்ட் தலைநகரிலிருந்து ரயிலில் போய் இறங்கியது. வேலைநிறுத்தத்திலும் தலைநகரையும் மாஸ்கோவையும் இணைக்கும் அந்த நிகோலாயெவ் ரயில் பாதை மட்டும் நிற்கவில்லை. 1906 ஏப்ரலில் பாரிஸில் வாங்கிய கடன் வந்து கஜானாவும் நிமிர்ந்தது.

1917 பிப்ரவரியில் போர் முடியவில்லை. பழைய காவல் படையினர் களத்தில் தேய்ந்துபோயிருந்தார்கள். தலைநகர் பெட்ரோகிராடில் நெருக்கியடித்துக் கிடந்தவை ரிசர்வ் பட்டாலியன்கள், அதில் பெரும்பாலோர் புதிதாகச் சேர்த்த ஆட்கள். பிப்ரவரி 26 அன்று கூட்டத்தைச் சுட்டார்கள். மறுநாள் காலை வோலின்ஸ்கி ரெஜிமெண்டின் பயிற்சிப் பிரிவு 'இனிச் சுட மாட்டோம்' என்று திரும்பியது. சில நாட்களில் ஜார் இல்லை.

ஆக, உங்கள் வாதம் பொய்யாகக்கூடியதாக இருக்க வேண்டும். 'ரொட்டித் தட்டுப்பாடுதான் காரணம் என்றால், தட்டுப்பாடு முற்றிய வாரங்களிலேயே கலகமும் முற்றியிருக்க வேண்டும். படையின் உள்கட்டு (கட்டளைக்குக் கீழ்ப்படிந்து ஒன்றாக நிற்பது) தான் காரணம் என்றால், தட்டுப்பாடு அதே அளவு இருந்தும் படை நிலைத்த இடங்களில் அரசு தாங்கியிருக்க வேண்டும்.' இப்படி இரண்டு வரி இருந்தால் ரிவ்யூவர் மேற்கொண்டு படிப்பார்.

ஈரானை முடிவுரையில் ஒரு பத்தியில் தொட்டால் போதும். 1979 பிப்ரவரி 11 அன்று ராணுவம் நடுநிலை அறிவித்ததும் ஆட்சி சரிந்தது, உங்கள் வாதத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் அங்கே முன்னணியில் நின்றது கிராமம் இல்லை, நகரம். விவசாயக் கிளர்ச்சியை மையமாக வைக்கும் பழைய கோட்பாடு அங்கேதான் தடுக்கி விழுந்தது.

பழந்தாள்:
கரிசல்மண் சொன்னது சரி, ஆனால் ரஷ்ய மொழியை எப்படிச் சமாளிப்பது? அதை மறைத்தால் அந்த இடத்திலேயே விண்ணப்பம் செத்தது. கேள்வியை உங்களால் படிக்க முடிகிற ஆவணத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். பிரிட்டிஷ் தூதரகமும் கான்சல்களும் (பிற ஊர்களில் இருந்த துணைத் தூதர்கள்) லண்டனுக்கு எழுதிய அறிக்கைகள் ஆங்கிலத்தில், லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. 1905 வரை எஃப்ஓ (வெளியுறவு அலுவலகம்) 65 வரிசை, 1906 முதல் எஃப்ஓ 371. மாஸ்கோ கிளர்ச்சி புதிய காலண்டர்படி டிசம்பர் கடைசியில் அடங்கியது. அது பற்றி ஜனவரியில் லண்டன் போய்ச் சேர்ந்த கடிதங்கள் 371-இல் கிடக்க வாய்ப்பு அதிகம். ஒரு வரிசையை மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

இன்னொரு பொறி: ரஷ்ய ஆவணம் பழைய காலண்டர், பிரிட்டிஷ் கடிதம் புதியது. 20-ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 13 நாள். பிப்ரவரி 27 என்பது மார்ச் 12. இரண்டையும் கலந்தால் எது முதலில் நடந்தது என்பதே தலைகீழாகும். அட்டவணையில் இரண்டு தேதிக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். ஊர்ப் பெயரிலும் கவனம்: 1914 வரை செயின்ட் பீட்டர்ஸ்பர்க், அப்புறம் பெட்ரோகிராட்.

கான்சலின் கண் வணிகர் கண். தொழிலாளி என்ன நினைத்தான் என்பதற்கு அதைச் சாட்சியாக வைக்காதீர்கள். ரயில் ஓடியதா, மாவு வந்ததா, எந்த ரெஜிமெண்ட் எங்கே நின்றது என்பதற்கு நல்ல சாட்சி. இந்த வரம்பை ஆய்வுமுறைப் பகுதியில் நீங்களே எழுதிவிடுங்கள், ரிவ்யூவர் எழுதுவதற்கு முன்.

பயண நிதிக்கு சார்ல்ஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் பாருங்கள், பிரிட்டனில் குறுகிய கால ஆய்வுக்குத் தருகிறது. ஜெர்மனியின் கெர்டா ஹென்கெல் அறக்கட்டளை வரலாற்றாய்வுக்கென்றே உள்ளது. உள்ளூரில் ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகம்).

பேரேடு:
பட்ஜெட் பற்றி. நிதி தரும் நிறுவனம் அந்த ஆண்டு வெளியிட்ட அறிவிப்பில் தலைப்பு வாரியாக உச்சவரம்பு இருக்கும். போன ஆண்டு நண்பர் அனுப்பிய தாளைப் பார்த்து நிரப்பாதீர்கள்.

'வெளிநாட்டுப் பயணம்: மொத்தமாக இவ்வளவு' என்று எழுதினால் வெட்டு நிச்சயம். கணக்கை விரித்துக் காட்டுங்கள்: 60 கோப்பு, நாளைக்கு 4 கோப்பு, ஆக 15 வேலை நாள். கியூவில் ரீடர் டிக்கெட் எடுத்துவிட்டால் சொந்தக் கேமராவில் இலவசமாகப் படமெடுக்கலாம், அதனால் நகல் கட்டணம் கேட்க வேண்டாம். அந்தப் பணத்தை, எடுத்த படங்களை வாசித்து அட்டவணையிடும் ஆய்வு உதவியாளருக்கு மாற்றுங்கள். 15 நாள் படமெடுத்தால் வாசிக்க ஆறு மாதம் ஆகும். இதை மறந்துவிட்டுக் கால அட்டவணை போடுகிறவர்கள்தான் கடைசியில் நீட்டிப்பு கேட்டு அலைகிறார்கள்.

லேப்டாப் கேட்டால் பெரும்பாலும் கேள்வி வரும். ஹார்ட் டிஸ்க் இரண்டு கேளுங்கள், காரணம் எழுதி.

முதல் தவணை தாமதமாகத்தான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு மாதத்துக்குப் பணம் தேவைப்படாத வேலையைப் போடுங்கள்: கியூவின் இணையப் பட்டியலில் கோப்பு எண்களைத் திரட்டுவது, அச்சான நூல்கள். ஒரு தலைப்பில் மிஞ்சியதை இன்னொன்றில் செலவழிக்க முன் அனுமதி வேண்டும். அரசுப் பணத்தில் விமானச் சீட்டு என்றால் அனுமதிக்கப்பட்ட முகவர்கள் மூலம்தானா என்று கல்லூரி அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள், போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். பயன்பாட்டுச் சான்றிதழ் (பணம் எதற்குச் செலவானது என்ற சான்று) ஜிஎஃப்ஆர் (அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில், ஆடிட்டர் கையெழுத்தோடு. அது போகாமல் அடுத்த தவணை வராது.

பனங்காடு:
நன்றி. இலங்கையின் 1971 ஏப்ரல் ஜேவிபி (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சியைத் தோற்ற புரட்சியாகச் சேர்க்கலாமா? பக்கத்தில்தானே இருக்கிறது, செலவும் குறைவு.

கரிசல்மண்:
செலவு குறைவு என்பது காரணம் ஆகாது. அங்கே தோல்வியுற்ற போர் இல்லை, படையும் உடையவில்லை. படித்து வேலையில்லாத இளைஞர்களின் எழுச்சி அது. ரஷ்யாவோடு சேர்த்தால் மாறுவது ஒன்றா நான்கா என்றே தெரியாது. அதோடு சிங்களம் படிக்க வேண்டும். தனித் திட்டமாக, சிங்களம் தெரிந்த ஒருவரை இணை ஆய்வாளராகப் போட்டு, அடுத்த சுற்றில் அனுப்புங்கள்.