பாண்டுங் டவுன்ல கடை வாங்கலாமா? வேற ஆள் பேர்ல எழுதச் சொல்றாங்க

கீழவாசல்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளி மொத்த வியாபாரம் பண்றேன். சரக்குப் பார்க்க இந்தோனேசியாவுல பாண்டுங் ஊருக்கு ரெண்டு தடவை போய்ட்டு வந்தேன். பசார் பாரு மார்க்கெட்டைச் சுத்தினா நம்ம மாசி வீதி மாதிரியே நெரிசல், பேரம். ஆனா ஊர் எழுநூறு மீட்டர் உயரத்துல இருக்கு. இங்க சித்திரை வெயில்ல வெந்துட்டு அங்க போய் இறங்கினா சாயங்காலம் முழுக்கைச் சட்டை தேடுது. மனசு அங்கேயே நிக்குது.

டவுனுக்குள்ள, பிராகா தெருவுக்குப் பின்னால ஒரு ருக்கோ வருது. கீழ கடை, மேல வீடு. 300 கோடி ரூபியா. கேட்டதும் நெஞ்சு அடைச்சிருச்சு, நம்ம காசுக்கு ஒண்ணரைக் கோடியைத் தாண்டும். வெளிநாட்டுக்காரங்க பேர்ல பதிய முடியாதாம். நான் போனப்ப வண்டி ஓட்டின டிரைவர் பேர்ல எழுதிட்டு, பவர் பத்திரத்தை என் கையில தந்துருவோம்னு புரோக்கர் சொல்றாரு. எல்லாரும் இப்படித்தான் செய்றாங்களாம். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

வில்லாபுரம் மச்சான்:
இங்க கூடப்பிறந்த அண்ணன் பேர்ல வாங்கிப் போட்ட மூணு சென்டுக்கே நான் ஆறு வருஷமா ஜில்லா கோர்ட்டுக்கு நடக்கிறேன். நீங்க டிரைவர் பேர்ல எழுதப் போறீங்களா?

உசிலை மில்காரன்:
தம்பி, நான் உசிலம்பட்டி. பாண்டுங்குக்குத் தெற்க மஜலாயா பக்கம் ஒரு நூல் மில்லுல பதினோரு வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்தேன். போன புதுசுல பசங்க கதவைத் திறந்து விட்டு "மங்கா, மங்கா"ம்பாங்க. நான் மாங்காயைத் தேடுவேன். அந்த ஊர் சுண்டா பாஷையில அதுக்கு "வாங்க, ஆகட்டும்"னு அர்த்தம். அம்புட்டு மரியாதையான ஜனம். அந்த மரியாதையை நம்பித்தான் நானும் கவுந்தேன்.

பாண்டுங்லயே டாகோ பக்கம் காலேஜ் பிள்ளைகளுக்கு அறை அறையா வாடகைக்கு விடுற வீடு ஒண்ணு. அதை "கோஸ்"னு சொல்வாங்க. கூட வேலை பார்த்த சூப்பர்வைசர் பேர்ல வாங்கினேன். தங்கமான மனுசன், மூணு வருஷம் வாடகை மாசம் பிறந்தா கைக்கு வந்துரும். நாலாம் வருஷம் மாரடைப்புல போய்ட்டாரு. அவர் பிள்ளைங்க கிட்ட பத்திரத்தைக் காட்டினேன். பச்சை அட்டை, மேல கருடன் முத்திரை, என் டிரங்குப் பெட்டியில வேட்டிக்கு அடியில பொத்திப் பொத்தி வச்சது. மூத்தவன் வாங்கிப் பிரிச்சு, உள்ள இருந்த பேர்ல விரலை வச்சு, "இது எங்க அப்பா பேரு அங்கிள்"னான். அவ்வளவுதான்.

வக்கீலைப் பார்த்தேன். அவங்க நிலச் சட்டம் 1960ல போட்டது. அதுல 26வது பிரிவு: முழு உரிமை நிலத்தை நேராவோ சுத்தி வளைச்சோ வெளிநாட்டான் கைக்குப் போக வச்சா அந்தக் கிரயம் செல்லாது, நிலம் அரசாங்கத்துக்கு, கொடுத்த காசையும் திருப்பிக் கேட்க முடியாது. கேஸ் போட்டா எனக்கே பாதகம். பவர் பத்திரம், கடன் பத்திரம்னு எத்தனை எழுதினாலும் கதை இதேதான்.

நேர்வழி இல்லாம இல்லை. "ஹாக் பாக்காய்"னு அனுபவ உரிமை இருக்கு. முதல்ல 30, நீட்டிச்சா 20, புதுப்பிச்சா 30, ஆக 80 வருஷம், உங்க பேர்லயே. ஆனா அது குடியிருக்கிற வீட்டுக்கும் அபார்ட்மென்டுக்கும்தான், அதுவும் அரசாங்கம் மாகாணத்துக்கு மாகாணம் வச்சிருக்கிற குறைஞ்சபட்ச விலைக்கு மேல இருக்கணும். கடைக்கு ஆகாது. கம்பெனி ஆரம்பிச்சு வாங்கலாம், ஒரு கடைக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுற கதை.

எனக்குக் கேட்டா, வாடகைக்குப் பிடிங்க. ரெண்டு மூணு வருஷ வாடகையை மொத்தமா முன்னாடியே கேட்பாங்க. நம்ம ஊர் ஒத்தி மாதிரின்னு நினைச்சுராதீங்க, காலி பண்ணும்போது பணம் திரும்பாது. கையெழுத்துக்கு முன்னாடி பி.பி.ஏ.டி.ங்கிற பத்திர அதிகாரி மூலமா நில ஆபீஸ்ல சர்டிபிகேட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்க, வில்லங்கம் போட்டுப் பார்க்கிற மாதிரி. பிராகா பக்கம் டச்சுக்காரன் காலத்துக் கட்டடம் நிறைய பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கு. முகப்புல ஷட்டர் மாட்டணும்னாலும் அனுமதி வேணும்.

சரவணன் டாக்ஸ்:
பணம் அனுப்புற சங்கதியை யாரும் சொல்லலை. கடை அக்கவுன்ட்ல இருந்து இப்படி அனுப்ப முடியாது, தனி ஆளாத்தான். ரிசர்வ் பேங்க் விதிப்படி ஒரு ஆளுக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். 10 லட்சத்துக்கு மேல போற தொகைக்கு பேங்கே 20 சதவீதம் டி.சி.எஸ்.ங்கிற வரியை முன்கூட்டியே பிடிச்சுக்கும். ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், ஆனா அதுவரை பணம் முடங்கும். வெளிநாட்டுச் சொத்தை வருஷா வருஷம் ரிட்டர்ன்ல காட்டணும். மறைச்சா கருப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் அபராதம். டிரைவர் பேர்ல இருக்கிற சொத்தை எந்தக் காலத்துல காட்டுவீங்க அண்ணே?

கீழவாசல்காரன்:
எல்லாருக்கும் நன்றி. உசிலை அண்ணே, உங்க பதிலைப் படிச்சுட்டு நேத்து ராத்திரி அந்த டிரைவர் தம்பிக்கே வீடியோ கால் போட்டேன். தன் பேர்ல கடை எழுதப் போறாங்கங்கிற விசயமே அவனுக்குத் தெரியலை. முழிக்கிறான். புரோக்கர் நம்பரை பிளாக் பண்ணிட்டேன். ஆனி பிறந்து ஒரு தடவை சும்மா போய்ட்டு, வாடகைக்கு ஏதாச்சும் கிடைக்குதான்னு பார்த்துட்டு வரேன். போற வழி சொல்லுங்க. போன ரெண்டு தடவையும் ஜகார்த்தாவுல இருந்து கார்லயே போய் ட்ராஃபிக்ல இடுப்பு போச்சு.

உசிலை மில்காரன்:
2023ல இருந்து வூஷ்ங்கிற அதிவேக ரயில் ஓடுது தம்பி. ஜகார்த்தாவுல ஹாலிம் ஸ்டேஷன்ல ஏறுங்க, முக்கால் மணி நேரத்துக்குள்ள படலராங். தூங்கிட்டுக் கடைசி ஸ்டேஷன் வரை போயிராதீங்க, அது ஊருக்கு வெளிய. படலராங்லயே இறங்கினா டவுன் ஸ்டேஷனுக்கு இணைப்பு ரயில் நிக்கும். ஆசியா ஆப்பிரிக்கா ரோட்டுப் பக்கம் ரூம் போடுங்க. 1955 மாநாட்டுக்கு நேரு வந்து உட்கார்ந்த மண்டபம் அங்கதான், இப்ப மியூசியம். அங்கிருந்து பிராகா நடக்கிற தூரம். வெள்ளனே எந்திரிச்சா தெருவோரத்துல மண் சட்டியில சுராபி சுடுவாங்க, நம்ம ஆப்பத்துக்குத் தடிச்ச தம்பி. தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊத்தினதை வாங்குங்க. ஒன்சோம்னு புண்ணாக்கைப் புளிக்க வச்சு செய்வாங்க, அது போட்டதை முதல் நாளே தொடாதீங்க, அந்த வாடை பழக எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.