வெதரிங்: ‘வானிலைச் சிதைவு’ வேண்டாம், ‘புழக்கமேற்றல்’ எப்படி?

அன்புள்ள குழுவினருக்கு,

மாதிரி ரயில் எந்திரங்களுக்கு வண்ணமடிக்கிறவர்கள், புது மாதிரியை ஓடிக் களைத்த நிஜ எந்திரம்போலக் காட்டுகிற வேலையை ‘வெதரிங்’ என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டுப் போன வாரம் மடல் போட்டவன் நான்தான். வந்த பரிந்துரைகளை ஒரு தாளில் எழுதி, பாதி வண்ணமடித்த எந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். ஒவ்வொரு சொல்லையும் எந்திரத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். நான்குமே பொருந்தவில்லை.

எந்திரம் எதுவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ‘ஈவ்னிங் ஸ்டார்’, எண் 92220. பிரிட்டிஷ் ரயில்வே கட்டிய கடைசி நீராவி எந்திரம். 1960 மார்ச்சில் ஸ்விண்டன் பட்டறையில் பெயர் சூட்டினார்கள். இது சேர்ந்த 9எஃப் வகையில் மொத்தம் 251 எந்திரங்கள். மற்றதெல்லாம் கறுப்பு, இதற்கு மட்டும் பச்சை வண்ணமும் புகைபோக்கிக்குச் செம்பு விளிம்பும். என்னிடம் இருப்பது 1:76 அளவு, அதாவது நிஜத்தில் ஓர் அடி என்றால் மாதிரியில் 4 மில்லிமீட்டர். பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கிற டெண்டரோடு சேர்த்து ஏறக்குறைய பத்தரை அங்குலம் வரும். உறுப்புகளை நாமே ஒட்டிக் கட்டுகிற பிளாஸ்டிக் கிட், ஓடாது, அலமாரியில் நிற்கும்.

கட்டுகிற வேலைக்குச் சொல் தேடி நான் அலையவே இல்லை. கொதிகலன் இரண்டு பாதியாக வருகிறது. ஒட்டியதும் முதுகில் ஒரு கோடு தெரியும். அதில் பட்டி பார்த்தேன், காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், பிரைமர் அடித்தேன். கார் டிங்கரிங் பட்டறையில் எந்தப் பையனிடம் சொன்னாலும் புரியும். உறுப்புகளைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்துக்கு நான் ‘கொடி’ என்கிறேன். காம்போடு காய் பறிப்பதுபோல நறுக்கி எடுத்து, அப்புறம்தான் காம்பைச் சீவுகிறோம். அது வேறு இழையில் பேச வேண்டியது, இப்போது விட்டுவிடுகிறேன்.

சரி, வெதரிங்குக்கு வருவோம்.

> வானிலைச் சிதைவு என்று புவியியல் பாடநூலில் ஏற்கெனவே இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாமே.

அது பாறைக்கு. வெயிலிலும் மழையிலும் பாறை உடைந்து மண்ணாவதைச் சொல்கிறது. நீராவி எந்திரத்தின் நிறம் மாறுவதில் மழைக்கும் வெயிலுக்கும் உள்ள பங்கு சொற்பம். உண்மையில் என்ன நடக்கிறது? நிலக்கரிப் புகை கூரையிலும் கொதிகலன் முதுகிலும் கரியாகப் படிகிறது. தண்ணீர் கசிந்து சூட்டில் காய்கிற இடங்களில், குறிப்பாகப் பாதுகாப்பு வால்வைச் சுற்றி, வெள்ளையாக உப்புப் பூக்கிறது. வார்ப்பிரும்பு பிரேக் கட்டை தேய்ந்த தூள் சக்கரங்களிலும் அடிச்சட்டத்திலும் செம்பழுப்பாக ஏறுகிறது. இணைப்புத் தண்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு. புகைப்பெட்டிக்கு மற்றப் பகுதிபோல வெப்பக்காப்பு உறை கிடையாது. அதனால் வண்ணம் வெந்து சாம்பல் கலந்த கறுப்பாகிறது. அதன் கதவைத் திறந்து வாருகிற சாம்பல் முன்மேடையில் கொட்டிக்கிடக்கும். செம்பு விளிம்பில் களிம்பு.

எழுதும்போதே கவனித்தேன்: கரி படிகிறது, உப்புப் பூக்கிறது, துரு ஏறுகிறது, பிசுக்குப் பிடிக்கிறது. ஒவ்வோர் அழுக்குக்கும் தமிழில் தனித்தனி வினை இருக்கிறது. வண்ணமடிக்கிற முறையும் அப்படியே பிரிகிறது. கரிக்கு வண்ணத் தூள், உப்புப் பூவுக்கு நுனித்தூரிகையால் மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு, பிசுக்குக்குப் பளபளப்பு வார்னிஷில் கறுப்பும் பழுப்பும் கலந்து ஒரு தடவல். ஆங்கிலச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

> மூப்பேற்றல், அல்லது பழமையாக்கம்.

அழகான சொற்கள். ஆனால் ஈவ்னிங் ஸ்டார் 1965-இலேயே ஓய்வுபெற்றுவிட்டது. ஐந்தே ஆண்டு! அதற்கு மூப்பு எங்கிருந்து வரும்? 1962 செப்டம்பரில் சாமர்செட்–டார்செட் தடத்தில் கடைசி ‘பைன்ஸ் எக்ஸ்பிரஸ்’ ரயிலை இழுத்தபோது அதற்கு வயது இரண்டரை. அந்த நாளைத்தான் நான் மாதிரியில் கொண்டுவரப் பார்க்கிறேன். தவிர, பழமையாக்கம் என்றாலே புது நாற்காலியைச் செட்டிநாட்டுப் பழசு என்று விற்கிற வேலை நினைவுக்கு வருகிறது.

> அழுக்கேற்றல். நேரடியாக, எளிமையாக.

இதற்கு ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டேன். தடுத்தது ஓட்டுநர் அறைக் கைப்பிடிக் கம்பி. ஏறி இறங்கும்போதெல்லாம் கை பட்டுப் பட்டு, சுற்றிலும் கரி படிந்திருக்க, அது மட்டும் பளபளவென்று இருக்கும். இதைக் காட்ட கம்பியின்மேல் பென்சில் ஈயத்தைத் தேய்க்கிறோம். இது அழுக்கு இல்லை, அழுக்குக்கு நேர் எதிர். ஆனாலும் வெதரிங்தான்.

கரியும் பளபளப்பும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: எந்திரம் வேலை செய்தது, மனிதர்கள் அதில் புழங்கினார்கள். ‘புழங்கின பாத்திரம்’ என்கிறோம், ‘ஆள் புழங்குகிற வீடு மாதிரி இல்லையே’ என்கிறோம். அடிபிடித்த கறையும் கை பட்ட மினுமினுப்பும் சேர்ந்ததுதான் புழங்கின பாத்திரம். எனவே என் பரிந்துரை: புழக்கமேற்றல்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். “வண்ணம் முடிந்தது, இன்னும் புழக்கமேற்றவில்லை.” “இலேசான புழக்கம் போதும், ரொம்பக் கனமாக ஏற்றிவிட்டாய்.” தூளுக்குப் புழக்கத்தூள். வாயில் வருகிறது.

ஓர் இடைச்செருகல். எந்திர எண் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படங்களை ஒட்டும்முன் பளபளப்பு வார்னிஷ், ஒட்டியபின் மங்கல் வார்னிஷ், அதற்கப்புறம்தான் தூள் என்பது வரிசை. சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மின்னும். இதை நான் ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால் மங்கல் வார்னிஷை நவம்பர் மழைநாளில், சென்னையில், மொட்டைமாடிப் படிக்கட்டில் நின்று அடித்தேன். ஈரக்காற்றில் வார்னிஷ் வெளுத்து, பச்சை எந்திரம் முழுக்கத் தயிர் தெளித்ததுபோல் ஆகிவிட்டது. வீட்டில் பார்த்துவிட்டு, “இதுதான் நீங்கள் சொன்ன வானிலைச் சிதைவா?” என்று கேட்டார்கள். அந்தச் சொல் பொருந்தியது அங்கே மட்டும்தான்.

*

> புழக்கமேற்றல் நன்றாக இருக்கிறது, ஒரு கேள்வி. யார்டு ஓரத்தில் பத்து வருடம் சும்மா நின்று துருப்பிடித்த எந்திரத்தையும் மாதிரியாகச் செய்கிறார்கள். அதையும் வெதரிங் என்கிறார்கள். அங்கே ஏது புழக்கம்? புழங்காததால்தானே துரு?

நல்ல அடி. இரண்டு நாள் யோசித்தேன். அதற்குச் சிதைவேற்றல் என்று தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று படுகிறது. ஆங்கிலம் இரண்டையும் ஒன்றாகப் போட்டிருக்கிறது என்பதற்காக நாமும் போட வேண்டியதில்லை. வேலையும் வேறு. புழக்கத்தில் கரியும் எண்ணெயும் அதிகம், துரு அடிப்பகுதியோடு நின்றுவிடும். கிடந்து கெட்டதில் எண்ணெய் காய்ந்துபோய், துரு மேலிருந்து வழியும், வண்ணம் செதில் செதிலாக உரியும். பொதுச்சொல் வேண்டும் என்று இணைய அகராதியான விக்சனரிக்காரர்கள் கேட்டால் இரண்டையும் ஒரே பதிவில் கொடுத்துவிடலாம்.

*

> யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் பாவித்த சாமான், பாவனை என்றுதான் சொல்வது வழக்கம். பாவனையேற்றல் என்றால் எங்களுக்கு உடனே விளங்கும். உங்கள் பக்கம் பாவனை என்றால் நடிப்பு அல்லவா? யோசித்துப் பார்த்தால் நீங்கள் செய்வதும் அதுதானே. ஒரு நாளும் ஓடாத எந்திரம் ஓடினது போல் நடிக்கிறது.

ஐயா, இந்த மடலைப் படித்துவிட்டுத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். ஒரே சொல்லில் இரண்டு கரையின் பொருளும், இரண்டும் சரி. நான் பிடிவாதமாகத் தேடியிருந்தாலும் இது கிடைத்திருக்காது.

ஆனாலும் அகராதிப் பதிவில் முதலாவதாகப் போடத் தயங்குகிறேன். மதுரையில் படிக்கிறவர் ‘பாவனையேற்றல்’ என்றதும் நாடக ஒப்பனை என்று நினைப்பார்; உங்கள் ஊரில் படிக்கிறவருக்கு நடிப்பு என்கிற பாதி நழுவிவிடும். ‘புழங்கு’ உங்கள் பக்கமும் புரிகிற சொல்தானே? வழக்கில் இல்லை என்றால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன். அதுவரை பதிவில் புழக்கமேற்றல் முதலிலும், இலங்கை வழக்காகப் பாவனையேற்றல் அதற்கு அடுத்தும் இருக்கட்டும்.

வார்னிஷை உரித்து மறுபடி பச்சை அடித்தாகிவிட்டது. இன்று காலையில் சக்கரங்களுக்குப் பிரேக் தூள் ஏற்றினேன். நடுச் சக்கர இணைக்குத் தண்டவாளத்தைப் பிடிக்கிற விளிம்பு கிடையாது, வளைவில் தடம் இடிக்காமலிருக்க நிஜ எந்திரத்திலேயே அப்படித்தான். கிட்டில் விட்டுப்போய்விட்டது என்று யாரும் மடல் போட வேண்டாம். செம்புக்குக் களிம்பு எவ்வளவு வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை படம் அனுப்புகிறேன்.