கொழும்புத் திரையில் 14, சென்னைத் திரையில் 13: பிறந்த தேதி ஏன் ஒரு நாள் நழுவுகிறது?

ராத்திரி டெப்ளாய்:

சென்னையிலிருந்து கொழும்பு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் பதிவுச் செயலியைப் பார்த்துக்கொள்கிறேன். திரை ரியாக்ட், சர்வர் நோட், தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். பிறந்த தேதி, தேதியும் மணியும் சேர்ந்த டைம்ஸ்டாம்ப் வகை நெடுவரிசையில் இருக்கிறது (நான் வடிவமைத்தது இல்லை, திட்டாதீர்கள்). சிலருக்கு மட்டும் பிறந்த தேதி ஒரு நாள் குறைவாக வருகிறது. அதுவும் எங்கள் திரையில் மட்டும். அதே ஆளைக் கொழும்பில் திறந்தால் சரியாக இருக்கிறது.

ஒருவருடைய தேசிய அடையாள அட்டை எண் 2001227 என்று தொடங்குகிறது, அதாவது 2001இன் 227ஆவது நாள். நாள்காட்டியில் எண்ணினால் ஆகஸ்ட் 15 வருகிறது, அவரோ 14 என்கிறார், எங்கள் திரை 13 என்கிறது. மூன்று பேரும் மூன்று தேதி சொன்னால் நான் யாரை நம்புவது? 1990இல் பிறந்தவர்களுக்குச் சிக்கல் இல்லை, 2007இல் பிறந்தவர்களுக்கும் இல்லை. ரெண்டு ஊரும் யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) 5:30 மணி முன்னேதானே, நேர மண்டலப் பிரச்சினையாக இருக்க வாய்ப்பே இல்லை என்று நினைக்கிறேன்.

செமிகோலன்:

எல்லாவற்றையும் யுடிசியில் சேமி ப்ரோ, முடிந்தது கதை.

ராத்திரி டெப்ளாய்:

யுடிசியில்தான் இருக்கிறது ப்ரோ. அதுதான் கதையே.

வன்னி மணிக்கூடு:

தம்பி, ரெண்டு ஊரும் இப்போதுதான் 5:30. 1996 மே 25ஆம் திகதி, மின்சாரத் தட்டுப்பாடு காரணமாக இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி 6:30 ஆக்கினார்கள். அதே வருடம் அக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் குறைத்து 6:00. அப்படியே கிடந்து, 2006 ஏப்ரல் 15இல்தான் திரும்பவும் 5:30க்கு வந்தது. உங்களுக்குப் பிழைக்கிற ஆட்கள் எல்லாரும் இந்தப் பத்து வருடத்துக்குள் பிறந்தவர்களா என்று பாருங்கோ.

நடப்பது இதுதான். கொழும்பில் ஒருவர் நாள்காட்டிப் பெட்டியில் 2001-08-14 என்று தெரிவுசெய்கிறார். பிரவுசர் அதை அந்த நாளின் நள்ளிரவு 00:00 என்று எடுத்து, அன்றைய கொழும்பு நேரமான 6:00ஐக் கழித்து, 2001-08-13 18:00 யுடிசி என்று அனுப்புகிறது. கொழும்பு பிரவுசர் திறக்கும்போது ஆறையும் திரும்பக் கூட்டுவதால் சரியாக வரும். உங்கள் பிரவுசர் இந்தியக் கணக்கில் ஐந்தரையைத்தான் கூட்டும்: 13ஆம் திகதி இரவு 23:30. திரையில் மணியைக் காட்டாமல் திகதியை மட்டும் காட்டுகிறீர்கள், அதனால் அரை மணித்தியாலம் ஒரு முழு நாளாகத் தெரிகிறது.

அடையாள அட்டை எண் வேறு விஷயம், அதைக் குழப்பாதீர்கள். அதில் எல்லா வருடத்தையும் 366 நாளாகவே வைத்து எண்ணுவார்கள், பெப்ரவரி 29 இல்லாத வருடத்திலும். ஆகவே 227 என்றால் ஆகஸ்ட் 14தான், அந்த ஆள் சொன்னது சரி. (பெண்கள் என்றால் 500 கூட்டியிருக்கும்.)

இன்னொன்று, கணினிக்குத் தெரியாதது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் அந்தப் புதிய நேரத்தை ஏற்கவில்லை, நாங்கள் வன்னியில் பழைய நேரத்திலேயே இருந்தோம். ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து அரசாங்கப் பக்கம் போனால் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னே வைக்க வேணும். கணினியின் நேர மண்டலத் தரவில் இலங்கை முழுக்க ஆசியா/கொழும்பு என்ற ஒன்றுதான், எங்களுக்கென்று தனி வரி கிடையாது.

ஈசூன் இட்லி:

சிங்கப்பூரில் இதைத் தலைகீழாகப் பார்த்தேன். இங்கே 1982 பிறக்கும்போதுதான் 7:30 போய் 8:00 வந்தது. எக்செல் கோப்பை ஏற்றும் ஸ்கிரிப்ட் ஒன்றில் யாரோ +8 என்று நேரடியாக எழுதி வைத்திருந்தார்கள், திரையோ ஆசியா/சிங்கப்பூர் என்று முறையாகக் கணக்குப் போட்டது. 1970களில் பிறந்த அத்தனை பேரும் முந்தின இரவு 23:30க்குப் பிறந்துவிட்டார்கள்.

செமிகோலன் சொன்ன யுடிசி அறிவுரை நடந்து முடிந்த கணங்களுக்குச் சரி: பணம் எப்போது வந்தது, யார் எப்போது உள்ளே நுழைந்தார். பிறந்த தேதி ஒரு கணமே இல்லை, நாள்காட்டியில் ஒரு கட்டம், அவ்வளவுதான். அதற்கு மணியும் கிடையாது, மண்டலமும் கிடையாது. தேதி மட்டும் வைக்கும் டேட் வகை நெடுவரிசையாக மாற்றுங்கள், பிரவுசரிலிருந்தும் 2001-08-14 என்ற எழுத்துச் சரமாகவே வரட்டும், நடுவில் யாரும் அதை நேரமாக மாற்றக் கூடாது. இருக்கிற தரவை ஆசியா/கொழும்புக்கு மாற்றித் தேதியை மட்டும் வெட்டி எடுங்கள். சென்னையிலிருந்து பதிந்தவை 18:30 யுடிசியாக இருக்கும், அவற்றுக்கும் கொழும்புக் கணக்கில் 00:00, 00:30 அல்லது 01:00 என்று அதே தேதிதான் வரும், பயமில்லை. ஆனால் ஓட்டுவதற்கு முன் யுடிசி மணியை மட்டும் எடுத்து எது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். 17:30, 18:00, 18:30 தவிர வேறு எதாவது தலைகாட்டினால் நிறுத்துங்கள்.

ராத்திரி டெப்ளாய்:

எண்ணிப் பார்த்தேன். வன்னி அண்ணா சொன்னபடி எல்லாரும் அந்தப் பத்து வருடத்துக்காரர்கள். 17:30 கொஞ்சம்தான், எல்லாம் 1996 மே கடைசி முதல் அக்டோபர் வரை பிறந்த குழந்தைகள். 18:00 ஏராளம்.

அப்புறம் மூன்று வரிகள் மட்டும் ஒட்டவே இல்லை: 14:00 இரண்டு, 13:00 ஒன்று. கொழும்புக்கு மாற்றினாலும் முந்தின நாள் சாயங்காலத்திலேயே நிற்கின்றன. பதிந்தவர் யாரென்று பார்த்தால் மூன்றும் அங்கிருக்கும் மேலாளர் ஒருவர். கேட்டதற்கு, மெல்போர்னில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது செய்தது என்கிறார். 13:00க்காரர் ஜனவரியில் பிறந்தவர், அங்கே அப்போது கோடை நேரம். இந்த மூன்றையும் அடையாள அட்டை எண்ணைப் பார்த்துக் கையாலேயே திருத்தினேன், 366 கணக்கோடு.