பெற்றோரைக் கடற்கரை பப்புக்கு அழைத்துப் போகலாமா? விட்ஸ்டபிள் சென்றவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோர் இந்தக் கோடை முழுவதும் லண்டனில் எங்களுடன் தங்கியிருக்கிறார்கள். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களையும் எங்கள் பத்து வயது மகனையும் கெண்ட் பகுதியில் உள்ள விட்ஸ்டபிளுக்கு ரயிலில் அழைத்துப் போகலாம் என்று இருக்கிறோம். கரையோர பப் ஒன்றில் மதிய உணவு உண்டு, மணலில் கால் நீட்டி, மாலைவரை கடலைப் பார்த்தபடி அமர்ந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் பப் என்ற சொல்லைக் கேட்டதுமே அம்மாவின் முகம் மாறிவிட்டது. அவர் அறிந்த மதுக்கடை, கம்பிவலைக்குள் கையை நீட்டிப் பாட்டில் வாங்கும் டாஸ்மாக் கடை ஒன்றுதான். அப்பா எப்போதாவது பீர் அருந்துபவர். எனினும் அம்மாவுக்கு எதிரில் ஒரு நாளும் அருந்தியதில்லை. அம்மா முட்டையும் சேர்த்துக்கொள்ளாத சைவம். இத்தகைய குடும்பத்துக்கு அந்த இடம் ஒத்துவருமா, எந்த நேரத்தில் போனால் நல்லது, அம்மாவுக்கு உண்ண ஏதேனும் கிடைக்குமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றி உடையவனாக இருப்பேன்.

நெய்தல்:

வணக்கம் வைகைக்கரை. முதலில் ஒரு திருத்தம்: விட்ஸ்டபிளில் நீங்கள் எதிர்பார்க்கும் மணல் இல்லை, முழுவதும் கூழாங்கற்கள்தான். செருப்பில்லாமல் பத்து அடி நடப்பதற்குள் உங்கள் அப்பா உங்களைத் திட்டத் தொடங்கிவிடுவார். அழுத்தமான அடிப்பகுதி கொண்ட காலணிகளைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அம்மாவின் தயக்கம் புரிகிறது. பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கமே பப். ஊரார் பொதுவாகக் கூடும் வீடு என்ற அந்தப் பழைய பொருள் இன்றைக்கும் முற்றிலும் மறையவில்லை. ஞாயிறு மதியத்தில் பாட்டியும் பேரனும் வீட்டு நாயுமாக ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து உண்பதை அங்கே நீங்களே காண்பீர்கள். பெரியவர்களுடன் வரும் சிறுவர்களைப் பெரும்பாலான பப்புகளில் பகல் நேரத்தில் அனுமதிக்கிறார்கள். சில இடங்களில் மாலை ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் அனுமதி இல்லை என்பதால் கேட்டுக்கொள்வது நல்லது. குடிக்காதவரைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்துவதில்லை. தேநீரோ எலுமிச்சைப் பானமோ வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். பல பப்புகளில் பணியாளர் மேசைக்கு வந்து கேட்கமாட்டார் என்பதை மட்டும் அறியாமல், நம்மவர்கள் அரைமணி நேரம் காத்திருந்து கோபித்துக்கொண்டு எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். நீங்களே பானம் ஊற்றித் தரும் முன்மேடைக்குச் (கவுண்டருக்குச்) சென்று, மேசை எண்ணைச் சொல்லி, பணத்தையும் அப்போதே கட்டிவிட வேண்டும். பானத்தைக் கையில் தந்துவிடுவார்கள். உணவு மேசைக்கு வந்து சேரும். அப்பாவுக்கு அரை பைண்ட், அதாவது 284 மில்லி, கேட்டு வாங்குங்கள். முழு பைண்ட் 568 மில்லி என்பதால் பழக்கமில்லாதவருக்கு அது அதிகம்.

விட்ஸ்டபிளில் கடலுக்கு மிக நெருங்கி நிற்பது ஓல்ட் நெப்டியூன் என்ற பப். சாலையோரத்தில் இல்லாமல் கரைக் கற்களின் மேலேயே எழுப்பப்பட்ட, வெள்ளைப் பலகைகளாலான கட்டடம் அது. 1897இல் வந்த புயல்வெள்ளத்தில் முன்பிருந்த கட்டடம் அழிந்தபின், பழைய மரங்களைக் கொண்டே மீண்டும் கட்டினார்கள். உள்ளே தரை சமமாக இருக்காது என்பதால், ஒரு சொட்டும் அருந்தாமலே தள்ளாடும் அனுபவம் உங்கள் அம்மாவுக்கும் கிடைக்கும்.

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். என்னைப் பொறுத்தவரை எந்த பப் என்பதைவிட இதுவே முக்கியமானது. லண்டனிலிருந்து வருபவர்கள் மணி பார்த்து வருகிறார்களே தவிர, கடலைப் பார்த்து வருவதில்லை. ஒரு கடலேற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகவே இன்று நண்பகலில் கரை தொட்ட கடல் ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் வெகுதூரம் பின்வாங்கிச் சேறாகக் கிடக்கும். கடல் ஏறி இறங்கும் நேரங்களைத் தரும் ஓத அட்டவணையைப் பார்த்து, பிற்பகல் நான்கு அல்லது ஐந்து மணியளவில் கடல் நிரம்பும் ஞாயிற்றுக்கிழமையாகத் தேர்ந்தெடுங்கள். அப்படி அமைந்தால், காலையில் கடல் வற்றியிருக்கும்போது டேங்கர்டன் பக்கம் "த ஸ்ட்ரீட்" என்று அழைக்கப்படும் கல்திட்டு கடலுக்குள் நீண்டு வெளிப்படும். அதில் சிறுவனை அழைத்து நடந்துவிட்டு, நீர் ஏறத் தொடங்குவதற்கு முன்பே கரைக்குத் திரும்பிவிடுங்கள். மேற்கே ஷெப்பித் தீவின் பக்கம் கதிரவன் இறங்கும் நேரத்தில் பப்பின் முன்னாலுள்ள தாழ்வான சுவரில் இடம் கிடைத்துவிட்டால், அதன்பின் நீங்கள் எழுந்திருக்கவே மாட்டீர்கள்.

பருப்புச்சோறு:

உணவு குறித்து மட்டும் நான் சொல்கிறேன், ஏனெனில் என் மாமியாரும் இதே வகை. உருளைக்கிழங்கு வறுவல் சைவம்தானே என்று எண்ணி ஏமாந்துவிடாதீர்கள். சில இடங்களில் மாட்டுக் கொழுப்பில் வறுக்கிறார்கள். தாவர எண்ணெயாக இருந்தாலும் மீன் பொரித்த அதே எண்ணெயாக இருக்கலாம். தனி எண்ணெயா என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம், கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். ஞாயிறு ரோஸ்ட் உணவில் இறைச்சிக்குப் பதிலாகப் பருப்புக்கொட்டை ரோஸ்ட் கிடைக்கக்கூடும் என்றாலும், அதன் கூடவே வரும் யார்க்‌ஷயர் புட்டிங்கில் முட்டை உண்டு. மேலே ஊற்றும் குழம்பும் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தது. அடுப்பில் சுட்ட முழு உருளைக்கிழங்கு, வெண்ணெயும் பீன்ஸும் சேர்த்து, மாமியாருக்கு ஒத்துவந்தது. ஊறுகாய் பாட்டிலை நான் பையில் கொண்டுபோனேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்பாவும் கண்டிப்பான சைவம் என்றால் இன்னொன்று: கைவிசையால் பீப்பாயிலிருந்து இறைத்து ஊற்றும் ஏல் எனும் மரபான பீர் வகைகளைத் தெளியவைக்க, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கப்படும் ஐசிங்கிளாஸைச் சேர்ப்பது பழைய வழக்கம். எல்லாவற்றிலும் சேர்ப்பதில்லை. வீகன் என்று குறித்திருப்பதை வாங்கினால் கவலையில்லை. சமையலறை ஞாயிறன்று பிற்பகலிலேயே மூடிவிடக்கூடும், ஆகவே ஒரு மணிக்குள் உணவைச் சொல்லிவிடுங்கள்.

அலைவாய்:

நெய்தல் ஐயாவின் ரசனையை மதிக்கிறேன், ஆனாலும் வயதானவர்களுடன் விட்ஸ்டபிள் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வெயில் நாளில் ஓல்ட் நெப்டியூனில் இடம் பிடிப்பது பெரும்பாடு. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கூழாங்கல் சரிவு தண்டனை. இன்னும் கிழக்கே உள்ள ராம்ஸ்கேட்டில் உண்மையான மணற்கரையும், அதையொட்டியே ராயல் விக்டோரியா பெவிலியனும் இருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்தக் கட்டடத்தை 2017இல் வெதர்ஸ்பூன் நிறுவனம் தனது மிகப்பெரிய பப்பாகத் திறந்தது. மேசையிலிருந்தே கைப்பேசி வழியாக உணவு கேட்கலாம். அழகு என்று பார்த்தால் பிராட்ஸ்டேர்ஸ் துறைமுகத்தருகே சிக்கிமுக்கிக் கற்சுவர்களோடு நிற்கும் டார்ட்டர் ஃபிரிகேட் பப்தான் என் விருப்பம், ஆனால் கரைக்கு இறங்கும் பாதை சரிவானது.

நெய்தல்:

ராம்ஸ்கேட் வசதியானது என்பதை மறுக்கவில்லை. ஆயிரம் பேர் உள்ள கூடத்தில் அம்மா முதன்முறையாக ஒரு பப்பைப் பார்ப்பது நல்லதா என்பதே என் ஐயம். சிறிய இடமே அச்சத்தைப் போக்கும். சீசால்ட்டரில் உள்ள த ஸ்போர்ட்ஸ்மேனை யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷெலின் நட்சத்திரத்தை 2008இல் பெற்ற பப் அது. வெகுநாள் முன்பதிவு இல்லாமல் போக முடியாது. சைவக் குடும்பம் அவ்வளவு பணத்தை அங்கே கொட்டுவதிலும் பொருளில்லை.

சிப்பியைப் பார்க்க அப்பா விரும்பினால் துறைமுகக் கடைகளில் பார்க்கலாம். ஊரின் பெயரையே பரப்பிய நாட்டுச் சிப்பிக்கு இது பருவமல்ல, அது செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான்; கோடையில் தட்டில் வருவது பசிபிக் சிப்பி.

வைகைக்கரை:

தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மன்னிக்கவும், நேற்றுத்தான் போய்வந்தோம். நெய்தல் ஐயா சொன்னபடி ஓத அட்டவணை பார்த்து நாள் குறித்தோம். ஞாயிற்றுக்கிழமைப் பராமரிப்புப் பணியால் பாதி வழியில் ரயிலுக்குப் பதிலாகப் பேருந்தில் ஏற்றிவிட்டதில் ஒரு மணிநேரம் போயிற்று. கல்திட்டை எட்டுவதற்குள் நீர் ஏறத் தொடங்கிவிட்டதால் மகனுக்கு அது வாய்க்கவில்லை. அம்மாவுக்குச் சுட்ட உருளைக்கிழங்கு கிடைத்தது. பருப்புச்சோறு அவர்களே, ஊறுகாயும் கொண்டுபோயிருந்தோம்.

அப்பா அரை பைண்ட் வாங்கிவந்து அம்மாவுக்குப் பின்புறமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கால் மணி நேரம் கழித்து அம்மாதான், "காத்து அந்தப் பக்கம்தான் அடிக்குது, இப்படித் திரும்பி உக்காருங்க" என்றார். ஏழு மணி ரயிலைத் தவறவிட்டோம்.