பொருள்: விலகலா, விலக்கலா, விடுநோயா? (ஓபியாய்டு கையேட்டுக்கு ஒரு சொல் தேவை)

அன்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த ஓபியாய்டு (அபினி வகை) வலி மாத்திரைக்கு அடிமையானவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஏற்பி (உடலில் மருந்து போய்ப் பற்றும் இடம்), தாங்குதிறன் (பழகப் பழக உடல் தாங்கும் அளவு), படியிறக்கம் (அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தல்) எல்லாம் அமைந்துவிட்டன. ஒன்றுதான் இடிக்கிறது. மருந்து குறையும்போது வரும் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்சிலிர்ப்பு, எலும்புக்குடைச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை ஆகியவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர் வேண்டும், ஆங்கிலத்தில் withdrawal என்பது. அகராதி தரும் 'மீளப்பெறல்' வங்கிக்கணக்குக்கு உரியது, 'பின்வாங்கல்' படைக்கு உரியது. இந்த அடிமைத்தனத்துக்குச் சிகிச்சையாகத் தரும் புப்ரினார்ஃபினை, பழைய மருந்து இறங்குமுன் முந்திப் போட்டால் வரும் கடும் வகையை (precipitated withdrawal) பழைய வரைவு 'வீழ்படிவு விலகல்' என்கிறது. வீழ்படிவு என்பது குடுவையின் அடியில் தங்கும் வண்டல். இங்கே பொருந்தவே பொருந்தாது.

----

ஐயா, 'விடுநோய்' என்று வையுங்கள். விடு என்பதே நீண்டு வீடு ஆயிற்று, கெடு கேடு ஆனதுபோல. அறம் பொருள் இன்பத்துக்கு அடுத்த வீடும் அதுவே. விடுதலைக்கு முன் படும் துன்பம் விடுநோய். நோய் என்றாலே பழைய வழக்கில் துன்பம்தானே. இது வேண்டாமென்றால் 'பிரிவுநோய்' கொள்ளலாம். பாலைத்திணையின் உரிப்பொருளான பிரிவு அப்படியே பொருந்துகிறது: உறக்கமின்மை, உடல் மெலிவு, ஏக்கம்.

----

> விடுதலைக்கு முன் படும் துன்பம் விடுநோய்

விடுநோய் வினைத்தொகை. ஊறுகாய்போல முக்காலமும் ஏற்கும்: விட்ட நோய், விடுகின்ற நோய், விடும் நோய். நோயாளி இதை 'நோய் விட்டுவிட்டது' என்று படிப்பார். பிரிவுநோய் இன்னும் ஆபத்து. பிரிவுக்கு மருந்து கூடல். பழைய மாத்திரையோடு மறுபடி கூடினால் தீரும் என்று நாமே கற்றுக்கொடுத்ததாகும். சில நாள் விட்டவருக்குத் தாங்குதிறன் இறங்கியிருக்கும். அப்போது பழைய அளவைப் போட்டால் மூச்சே நின்றுபோகலாம்.

'நிறுத்தல் துன்பம்' என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். அதுவும் சரிவராது. அளவைக் குறைத்தாலும் வரும், வேளை தள்ளினாலும் வரும், ஓபியாய்டை முறிக்கும் நலாக்சோன் கொடுத்தாலும் வரும். ஓராண்டுக்கு மேல் உட்கொண்டவருக்கு மாதம் 10 விழுக்காடு, அல்லது அதற்கும் மெதுவாகப் படியிறக்கச் சொல்வது இதனால்தான். 60 மில்லிகிராமிலிருந்து 54க்கு இறங்கியவருக்கே கொட்டாவி தொடங்கலாம். அவர் எதையும் நிறுத்தவில்லையே.

----

முதலில் 'ஓபியாய்டு' போகட்டும். 'அபினியன்' என்றால் என்ன குறை? 'மதுவிலக்கு' நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது, 'மருந்துவிலக்கு' என்று முடித்துவிடலாமே.

----

அபினியும் நம் சொல் இல்லை அம்மா. கிரேக்கத்திலிருந்து அரபுக்குப் போய் நம்மிடம் வந்தது. தூய்மை பார்த்தால் கசகசாவும் தேறாது. மாத்திரைச் சீட்டிலும் மருத்துவர் வாயிலும் ஓபியாய்டு என்றுதான் வருகிறது. நோயாளி அதை அடையாளம் காணவேண்டும். மதுவிலக்கு சட்டத்தின் சொல். 'மருந்துவிலக்கு' என்றால் யாரோ தடைபோட்டதாகத்தான் படும்.

ஆனால் உங்கள் மடல் ஒரு வழி காட்டுகிறது. விலகு தன்வினை, விலக்கு பிறவினை. மருந்து தானாக உடலைவிட்டு இறங்கும்போது வருவது விலகல். புப்ரினார்ஃபின் ஏற்பியை மற்ற ஓபியாய்டுகளைவிட இறுகப் பற்றி, முன்பு அமர்ந்திருந்ததைத் தள்ளிவிட்டு, தான் அரைகுறையாகவே இயக்குகிறது. அது விலக்கல். ஒரு ககர ஒற்று முழு மருந்தியலையும் சொல்லிவிடுகிறது!

----

> ஒரு ககர ஒற்று முழு மருந்தியலையும்

இலக்கணம் சரி, மனமார ஒப்புகிறேன். ஆனால் நள்ளிரவில் தொலைபேசியில் 'எனக்கு விலக்கல்' என்று நடுங்கும் குரலில் சொன்னால் செவிலியர் காதில் எது விழும்? இரண்டுக்கும் செய்யவேண்டியது வேறு. விலகல் மெல்ல ஏறும்: குறுகிய நேர மருந்தென்றால் 8 முதல் 24 மணிக்குள் தொடங்கி 4 முதல் 10 நாள் நீடிக்கும். மற்றது புப்ரினார்ஃபினின் முதல் மாத்திரை போட்ட ஒன்றிரண்டு மணிக்குள்ளேயே பெரும்பாலும் மொத்தமாக வந்து விழும். ஓரெழுத்து வேறுபாட்டை நம்பி இதை விடமுடியாது.

சொல்லைவிட இந்தப் பத்தி கையேட்டில் கட்டாயம் வேண்டும்:

"புப்ரினார்ஃபின் தொடங்குமுன், கடைசியாகப் போட்டது குறுகிய நேர மருந்தென்றால் 12 மணி நேரமாவது, நீண்ட நேர மருந்தென்றால் 24 மணி நேரமாவது பொறுங்கள். மெதடோன் (உடலில் நெடுநேரம் தங்கும் ஓபியாய்டு) என்றால் இன்னும் கூடுதல், மருத்துவர் சொல்வார். மணி ஆனால் மட்டும் போதாது, உடலும் காட்டவேண்டும்: கண்மணி விரிவு, கொட்டாவி, மயிர்சிலிர்ப்பு. முதல் வேளை வழக்கமாக 2 அல்லது 4 மில்லிகிராம். நாக்குக்கு அடியில் வைத்துக் கரையும்வரை பேசாமல் இருங்கள். விழுங்கினால் மிகக் குறைவாகவே வேலை செய்யும். கரைந்தபின் வாய் கொப்பளியுங்கள். பல் துலக்க ஒரு மணி நேரம் போகட்டும்."

'மயிர்சிலிர்ப்பு' அப்படியே இருக்கட்டும். 'புல்லரிப்பு' என்று மாற்றினால் மகிழ்ச்சியென்று எண்ணிக்கொள்வார்கள்.

----

வியாழன் இரவு ஆகிவிட்டது. எண்ணிப் பார்த்தேன்: 'விலகல் துன்பம்' 5 பேர், 'விடுநோய்' 2 பேர், 'மருந்துவிலக்கு' ஒருவர். கடும் வகைக்கு 'மருந்து தூண்டிய விலகல் துன்பம்' என்று போடுகிறேன். 'விலக்கல்' சொற்பட்டியலில் மட்டும் இடம்பெறும். புள்ளியியலாரின் விலகல் தனியே இருக்கட்டும். இங்கே துன்பம் கூட வருவதால் குழப்பமில்லை.

----

அச்சுக்குப் போகுமுன் ஒரு மறுப்பு. 'மருந்து தூண்டிய' என்று படித்தவர் புப்ரினார்ஃபினே இதைத் தரும் என்று அஞ்சிச் சிகிச்சைக்கு வராமலே போவார். குற்றம் மருந்தில் இல்லை, வேளையில் இருக்கிறது. சரியான நேரத்தில் போட்டால் இதே மாத்திரைதான் அந்தத் துன்பத்தை ஆற்றுகிறது. 'முந்திப்போட்ட விலகல்' என்று நீட்டிச் சொன்னாலும் பரவாயில்லை. நலாக்சோனுக்கு அது பொருந்தாது என்பீர்கள், தெரியும். அதற்கு வேறு சொல் தேடுவோம். விடுநோய்க்காரர்களும் இன்னும் ஒப்பவில்லை என்பதைப் பதிவில் சேர்த்துவிடுங்கள் ஐயா.